வேன் செட்டுக்குப் பன்னிரண்டு வோல்ட்

ஜூன் 2, வெள்ளி

இன்று காலை என் வேனை என் மகன் பூபதி விற்றுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகம் அவன் பெயரில் இருப்பதால் சொல்ல வேண்டியதில்லையாம். வாங்க வந்தவன் டயரை உதைத்துப் பார்த்தான். பதினோரு வருடம் நான் ஓட்டிய வண்டியை எவனோ செருப்புக் காலால் உதைக்கிறான், நான் வாசலில் நின்று பார்க்கிறேன்.

ஆனால் பாட்டுச் செட்டை நேற்றே கழற்றிவிட்டேன். நேற்று மருமகள் மேகலா வேனைக் கழுவினாள். மூன்று வருடமாகக் கழுவாதவள் திடீரென்று கழுவினால் எதற்கென்று எனக்குத் தெரியாதா? இரண்டு ஆக்சா பிளேடுத் துண்டுகளைச் செட்டின் இரு ஓரத்திலும் செருகி, கிளிப்பை அமுக்கி இழுத்தேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. வயர்களை நீளம் விட்டு நறுக்கினேன். கதவுகளில் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டேன்.

டேஷ்போர்டில் ஓட்டையைப் பார்த்ததும் வாங்க வந்தவன் பூபதியைப் பார்த்தான். பூபதி என்னைப் பார்த்தான்.

"அப்பா, செட்டு எங்கீங்க?"

"எந்தச் செட்டு?"



இந்த நோட்டைத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. ஜூலை 12ஆம் தேதி திருச்செங்கோட்டுக் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், "நடந்தத எழுதி வெச்சுக்கங்க ஐயா, கூண்டுல ஏறுனா வார்த்த மாறக் கூடாது" என்றார். என் வார்த்தை மாறாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெயர் அர்த்தநாரி. வயது எழுபத்திரண்டு. ஊர் குமாரபாளையம். எட்டாம் வகுப்பு. நாற்பத்தோரு வருடம் விசைத்தறிப் பட்டறையில் பிட்டர். மோட்டார் கட்டுவது முதல் பற்றவைப்பது வரை எதையும் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போன வருடம் பிப்ரவரி 21, மாலை நாலரை மணி. தண்ணீர் டேங்க் முக்கில் நான் வலது பக்கம் திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டிருந்தேன். பின்னால் மொபெட்டில் வந்த வளர்மதி என்ற பெண் வலது பக்கமாக முந்த வந்து, வேனில் மோதி விழுந்தாள். இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. அவள் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் என் மனைவி சம்பூரணம் இருந்தாள். ஹாரன் அடித்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் வாயே திறக்கவில்லை. ஆகவே ஹாரன் அடிக்கவில்லை.

ஹாரன் அடிக்கவில்லை என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். போதும்.

ஜூன் 3, சனி

செட்டுக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். வீட்டுக் கரண்டை அப்படியே கொடுத்தால் புகைந்துவிடும். வீட்டில் பன்னிரண்டு வோல்ட் தருகிற பொருள் ஒன்றுதான் இருக்கிறது: மேகலாவின் நெட் பெட்டிக்குப் போகிற அடாப்டர். பிடுங்கினேன். முனையை வெட்டிப் பிளஸ், மைனஸ் பார்த்து, செட்டின் சிவப்பு வயரில் ஒன்றையும் கறுப்பில் ஒன்றையும் முறுக்கினேன்.

செட்டில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. மேகலா வந்தாள்.

"மாமா, ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேனுங்க! நெட்டப் புடுங்கிட்டீங்களா?"

"என்ற வண்டிய வித்தப்ப நானும் வீட்டுலதாம்மா இருந்தேன்."

அவள் அழுகிற மாதிரி போய்விட்டாள். போகட்டும்.

ஜூன் 5, திங்கள்

எலக்ட்ரிகல் கடை தனபாலிடம் செட்டைக் கொண்டுபோனேன். பார்த்தவுடனே சொல்கிறான்: "ஏனுங்கண்ணா, மஞ்சளச் சும்மா உட்டுட்டீங்களே. மஞ்சளையும் செவப்பையும் சேத்து முறுக்கிப் பிளஸ்ல குடுங்க."

"மஞ்சள் எதுக்கு? வண்டில அது கடிகாரத்துக்குப் போறது."

"இல்லீங்கண்ணா. சாப்பாடே அதுலதான் போகுது. செவப்பு, சாவி போட்டாச்சுன்னு சொல்றதுக்கு மட்டும்."

அவன் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் மோட்டார் கட்ட ஆரம்பித்தபோது அவன் பிறக்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கினேன். செட் எரிகிறது. தனபால் சொன்னதற்காகச் செய்யவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்து நானே முடிவுக்கு வந்தேன்.

ஜூன் 8, வியாழன்

சவுண்டைப் பத்துக்கு மேல் கூட்டினால் செட் அணைந்து மறுபடி எரிகிறது. அடாப்டருக்குச் சத்து இல்லை. அதில் ஒரு ஆம்ப் என்று போட்டிருக்கிறான். பன்னிரண்டு வோல்ட் இருந்தால் மட்டும் போதுமா? பாட்டு உரக்கப் பாட ஆம்ப் வேண்டும். நெட் பெட்டிக்கு வைத்த அடாப்டர் செட்டுக்கு எப்படித் தாங்கும்?

எங்கள் பட்டறையில் என் முறை ஒன்று உண்டு. தறி நின்றுவிட்டால் மற்றவர்கள் தறியைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். முதலில் பெல்ட்டை மாற்றிப் பார்ப்பேன். ஓடவில்லையா, பெல்ட் நல்லது. அடுத்து மோட்டார். அதுவும் நல்லதா, அடுத்து கியர். இப்படி நல்லதையெல்லாம் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கோளாறு. ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அடாப்டரை மேகலாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வெட்டிய முனையை ஒட்டுப் போட்டுத்தான் கொடுத்தேன். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 9, வெள்ளி

ஸ்பீக்கர் வெறுமனே கிடந்தால் சத்தம் சிதறும். பின்னால் கூடு வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் குடத்தின் வாயை அளந்து அறுத்து ஸ்பீக்கரைப் பொருத்தினேன். கச்சிதம்.

சம்பூரணம் எதிரே வந்து நின்று, இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங்க, ரெண்டு கொடத்தையுமா அறுத்தீங்க? தண்ணி வர்ற அன்னைக்கு என்ற தலைலயா புடிக்கறது?"

"பழைய கொடம்."

"போன மாசம் வாங்குனது!"

ஜூன் 12, திங்கள்

கேமராவுக்குப் போடுகிற ஐந்து ஆம்ப் அடாப்டர் வாங்கினேன். சவுண்டு இப்போது இருபத்தைந்துவரை போகிறது. அப்படியும் பத்தவில்லை. வேனில் பன்னிரண்டு வைத்தாலே போதும். இங்கே இருபத்தைந்து வைத்தும் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் வாயில் துணி வைத்துக்கொண்டு வாசிக்கிறான்.

மாடியிலிருந்து பூபதி ஒரு கையில் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. கத்தினான் என்றே நினைக்கிறேன். பிளக்கைப் பிடுங்கினான்.

"தெருவே எட்டிப் பாக்குதுங்கப்பா!"

"பாக்கட்டும். அந்த வேனையும் தெருவே எட்டித்தான் பாத்துச்சு."

ஜூன் 14, புதன்

பூபதி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பேசுகிறான். தட்டே பதில் சொல்லட்டும்.

ஜூன் 15, வியாழன்

சம்பூரணம் ரேஷன் கடைக்குப் போகும்போது, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குக்கரின் முன்னாலேயே செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. பருப்பு கருகி வீடெல்லாம் புகை. கேஸ்கட் போயிருக்கிறது. புதுசு வாங்கிப் போட்டேன். சம்பூரணம் கருகியதைச் சுரண்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருக்கலாம்.

ஜூன் 19, திங்கள்

ஐந்து ஆம்பும் வேலைக்காகாது. கடைப் போர்டு லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன், இருபது ஆம்ப். அதில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பி 13.8 வைத்தேன். ஏனென்றால் வண்டி ஓடும்போது பேட்டரியில் பன்னிரண்டு இருக்காது, பதின்மூன்றே முக்காலுக்குமேல் இருக்கும். இது தனபாலுக்குத் தெரியாது. சொன்னபோது முழித்தான். கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

இப்போது நாற்பது வைத்தாலும் செட் அணைவதில்லை. தரை அதிர்கிறது. நெஞ்சில் மோதுகிறது. ஆனால் பாடுகிறவர் குரல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அடாப்டரைக் கழித்தாயிற்று. அடுத்து ஸ்பீக்கர்.

ஜூன் 21, புதன்

கீச்சுச் சத்தத்துக்கென்று தனியாகச் சின்ன ஸ்பீக்கர் இரண்டு வாங்கி இணைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. குப்பை. இந்தக் காலத்துச் சாமான்.

ஜூன் 22, வியாழன்

பூபதி ஈரோட்டில் யாரோ டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறானாம். எதற்கென்று சொன்னான், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நானும் மறுபடி கேட்கவில்லை. போக மாட்டேன்.

இந்த வீட்டில் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் சம்பூரணம் ஒருத்திதான். பட்டறையில் நாற்பது தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவன் அலறினாலும் விழாது. அங்கே யாரும் சத்தம் போட மாட்டோம். முகத்துக்கு நேரே நின்று உதட்டை நன்றாக அசைப்போம். இழை அறுந்ததற்கு இரண்டு விரல், நூல் தீர்ந்ததற்குச் சுழற்றுகிற விரல், டீக்குக் கட்டைவிரல். பட்டறையின் அந்தக் கோடியில் இருப்பவனோடு சினிமாக் கதை பேசியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் சம்பூரணமும் அதே பட்டறையில் நூல் சுற்றினாள். இன்றைக்கும் அவள் எதிரே வந்து நின்றுதான் பேசுவாள். மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். மரியாதை தெரியாத தலைமுறை.

ஜூன் 26, திங்கள்

ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தச் செட்டில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். வாங்கிய புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது அது வருவதில்லை. ஆக, செட்டுக்குள்ளேயே ஏதோ செத்திருக்கிறது. அதுதான் குரலையும் கெடுக்கிறது!

பிரித்தேன். காசு அளவில் ஒரு பஸ்ஸர். அதைக் கழற்றித் தனியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. தனபாலிடம் புதுசு வாங்கினேன். கடையிலேயே வைத்துச் சோதித்தான்.

"அடிக்குதுங்கண்ணா."

"எங்க அடிக்குது?"

"இதா, அடிக்குதுங்களே. கேக்குதுங்களா?"

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில் கடை வைத்துக்கொண்டு கேக்குதா என்கிறான். விற்றால் போதும் அவனுக்கு. வீட்டில் வந்து பற்றவைத்தேன். செத்த பஸ்ஸரைத்தான் தலையில் கட்டியிருக்கிறான்.

ஜூன் 29, வியாழன்

கம்பெனி வக்கீல் போன் செய்தார். போனில் எல்லோரும் தண்ணீருக்குள் இருந்து பேசுகிறார்கள். சம்பூரணத்திடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு என் எதிரே வந்து சொன்னாள்: "ஒரே பதில்தானாமா. அந்தப் புள்ள ஹாரன் அடிக்கலைன்னு மட்டும் சொல்லோணுமாமா. வேற எதும் பேசக் கூடாதாமா."

சொல்லும்போது அவள் கண் என் சட்டைப் பித்தானில் இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

மதியம் மூன்று மணி இருக்கும். மூன்றாவது பஸ்ஸரைப் பற்றவைத்து, செட்டை மூடாமல் மேசையில் வைத்திருந்தேன். மேலே நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அந்தப் பெண், வளர்மதி. கையில் ஊன்றுகோல். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாசல்ல நின்னு நாலு தடவ கூப்புட்டனுங்க ஐயா."

கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"கேசு கோர்ட்டுல இருக்குது. நீ இங்க வரக் கூடாதும்மா."

"எங்க வக்கீலுக்குத் தெரிஞ்சா அவரும் வைவாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"நிமிந்து பேசு. தரைகிட்ட என்ன பேச்சு?"

நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் ஹாரன்ல இருந்து கையவே எடுக்கலீங்க. டீக்கடைக்காரரு கிளாசோட வெளிய வந்து பாத்தாரு. படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடுச்சு. நீங்க மட்டும் திரும்பிட்டே இருந்தீங்க."

"அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

"பட்டறைல நூல் சுத்தற கோன் மிசின்ல எட்டு மணி நேரம் நிக்கோணும். பத்து நிமிசம் நின்னா இந்தக் காலு தண்ணிப் பை மாதிரி வீங்குது. வேலை போயிருச்சு. இப்ப நீங்க ஹாரன் அடிக்கலைன்னு சொன்னா, தப்பு என்ற மேலன்னு ஆயிரும். வர்ற நட்டஈட்டுலயும் பாதிய வெட்டிருவாங்களாமா. நீங்க எனக்காகப் பேச வேண்டாமுங்க. இல்லாதத மட்டும் சொல்லாதீங்க."

என் வீட்டில் வந்து நின்று என்னைப் பொய்யன் என்கிறாள். பேச்சு முடிந்தது என்று காட்டுவதற்காகச் செட்டின் பக்கம் திரும்பிப் பட்டனை அழுத்தினேன். அவள் முகத்தைச் சுளித்தாள். இன்னொரு பட்டனை அழுத்தினேன். மறுபடியும் சுளித்தாள்.

"என்ன?"

"அதுதானுங்க. ஊசியாட்டக் குத்துது."

"எது?"

"நீங்க அழுத்தறப்ப வருதே, அது."

"இது செத்து ஒரு வாரம் ஆச்சு. இது மூணாவது பஸ்ஸர்."

அவள் செட்டைப் பார்த்தாள். மேசையில் கிடந்த இரண்டு பஸ்ஸரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் திரும்பி நின்னுக்கறேன். நீங்க அழுத்துங்க. எத்தனை தடவைன்னு சொல்றேன்" என்றாள்.

சரி, பொய்யைக் கையோடு பிடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். திரும்பினாள். மூன்று முறை அழுத்தினேன்.

"மூணு."

அடுத்து விரலைப் பட்டன்மேல் வைத்துவிட்டு அழுத்தாமல் இருந்தேன்.

"என்னுங்க, ஏமாத்தறீங்களா? அழுத்தவே இல்ல."

அவளுக்கு எதிரே கண்ணாடி பீரோ இருந்தது. அதில் என் கை தெரிந்திருக்கும். துண்டை எடுத்துக் கண்ணாடியை மூடினேன். தாறுமாறாக அழுத்தினேன்.

"ஏழு. ரெண்டு சேத்து, அப்புறம் நாலு, அப்புறம் தனியா ஒண்ணு."

சரியாகச் சொன்னாள்.

"இப்ப நீங்க திரும்புங்க" என்றாள். "நான் அழுத்தறேன்."

திரும்பினேன். சுவரில் தினசரிக் காலண்டர். நாள், நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் படித்தேன். பன்னிரண்டு ராசிக்கும் பலன் படித்து முடித்தேன். அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்தேன். பொறுமை போய்த் திரும்பினேன். அவள் விரல் பட்டன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் சம்பூரணம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

"போ" என்றேன் அந்தப் பெண்ணிடம். "வெளியே போ."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

ஜூலை 3, திங்கள்

பஸ்ஸர் பழுதில்லை. மூன்றுமே பழுதில்லை.

ஜூலை 4, செவ்வாய்

குக்கரின் பழைய கேஸ்கட்டை எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. குப்பையில் போட்டேன்.

ஜூலை 5, புதன்

சம்பூரணம் சமையலறையில் இருந்தாள். அவள் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

"அன்னைக்கு டேங்க் முக்குல ஹாரன் அடிச்சாளா?"

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"அடிச்சாளுங்க."

"எத்தன தடவ?"

"விடாம அடிச்சா. நான், நில்லுங்க நில்லுங்கன்னு கத்துனேன்."

"நீ வாயே தொறக்கல."

"தொறந்தனுங்க. தொண்டை கிழியக் கத்துனேன். நீங்க ரோட்டப் பாத்துட்டு இருந்தீங்க."

பதினாறு மாதம்! ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பதினாறு மாதம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"போலீஸ் ஸ்டேசன்ல நீங்க எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னா, என்ற புருசன் பொய்யன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அந்தப் புள்ள காலக் கனவுல பாத்துட்டுத்தான் படுத்துட்டு இருக்கறேன். போதுமா?"

அவள் என்னிடம் இவ்வளவு உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை. உரக்கத்தான் பேசியிருப்பாள். கழுத்து நரம்பு தெரிந்தது.

தட்டை வீசினேன் என்று அவள் பூபதியிடம் சொல்லியிருக்கிறாள். வீசவில்லை. கொஞ்சம் வேகமாக வைத்தேன்.

ஜூலை 6, வியாழன்

செட்டைத் தொடவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்போல எதிரே உட்கார்ந்து பேசினார்.

"ஒரே வார்த்தைங்க ஐயா. ஹாரன் அடிக்கலை. சொல்லிட்டு எறங்கிக்கங்க."

"அடிச்சிருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "ஸ்டேசன்ல அடிக்கலைன்னுதான எழுதிக் குடுத்திருக்கீங்க? இப்ப மாத்துனா கம்பெனி உங்க மேலயும் உங்க பையன் மேலயும் திரும்பும். இந்த வயசுல தேவையா?"

இந்த வயதில். எல்லோரும் இதைச் சொல்லிவிட்டார்கள், இவர் ஒருவர்தான் பாக்கி இருந்தார். எதைச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வேலை வாங்கிய முதலாளிகூடச் சொன்னதில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

ஜூலை 12, புதன்

கோர்ட்டில் பதினொன்றரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்களாம். பூபதி முழங்கையால் இடித்தான். கூண்டில் ஏறினேன். நீதிபதி ஒரு அம்மா. எதிர்வரிசையில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள், காலை நீட்டிக்கொண்டு.

கம்பெனி வக்கீல் பைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"நிமிந்து கேளுங்க" என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். பல் தெரிந்தது. அவர் நிமிர்ந்து, பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேட்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "அந்தப் பெண் ஹாரன் அடித்தாரா?"

"அடிச்சாங்க."

வக்கீல் முகம் கறுத்தது. பூபதி தலையில் கை வைத்தான். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "போலீஸ்ல நீங்க கொடுத்த வாக்குமூலத்துல அடிக்கலைன்னு இருக்கே?" என்று கேட்டார். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு உதடு நன்றாக அசைகிறது.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சத எழுதுனேன். இப்ப சோதிச்சுப் பாத்துட்டேங்க."

"எப்படிச் சோதிச்சீங்க?"

சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்ற முடிவோடு சொன்னேன். வேன் செட்டை வீட்டில் வைத்ததை, ஒரு ஆம்ப் அடாப்டரை, ஐந்து ஆம்பை, இருபது ஆம்ப் தகரப் பெட்டியை, 13.8 வோல்ட்டை, குடத்தை, சின்ன ஸ்பீக்கரை, மூன்று பஸ்ஸரை. கண்ணாடியைத் துண்டால் மூடியதையும் சொன்னேன். ஏழுக்கு ஏழு சரியாகச் சொன்னாள் என்று சொன்னேன். தட்டச்சுக்காரப் பெண் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வக்கீல் குதித்தார்.

"இருக்குதுங்க. நான் பிட்டர். நல்லதக் கழிச்சுக் கழிச்சுத்தான் கோளாறக் கண்டுபிடிப்பேன். அடாப்டர் நல்லாருக்குது. ஒயர் நல்லாருக்குது. ஸ்பீக்கர் நல்லாருக்குது. பஸ்ஸர் நல்லாருக்குது. அந்தப் புள்ளையோட ஹாரனும் நல்லாத்தான் இருந்திருக்குது. மிச்சம் இருக்கறது நான்தான்."



"காது கேட்காதுன்னு சொல்றீங்களா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க. கழிச்சுப் பாத்தா மிச்சம் நான்தான்னு சொல்றேன். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். கம்பெனி வக்கீல் எனக்குப் பிறழ் சாட்சி என்று பெயர் வைத்தார். நாற்பத்தோரு வருட வேலையில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், இப்படி ஒருவரும் திட்டியதில்லை.

வெளியே வராந்தாவில் ஒரே கூட்டம். அந்தக் கோடியில் தூண் ஓரமாக வளர்மதி நின்றிருந்தாள். அவளும் பட்டறைப் பெண்தானே. இத்தனை தலைகளுக்கு மேலே, சத்தம் போடாமல், உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்:

"அந்த டப்பாவ இனிப் பிரிச்சுப் போடாதீங்க."

திமிர். அவள் தரையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை, எங்களோடு வந்திருந்த சம்பூரணம் போய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதையோ பேசினார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூலை 14, வெள்ளி

டிரைவிங் லைசென்ஸைப் பூபதியின் மேசையில் வைத்தேன். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் எதிரே வந்து நின்று, நிதானமாக, "செவ்வாக்கெழமை ஈரோடு டாக்டர்கிட்டப் போலாங்களாப்பா?" என்று கேட்டான். பரவாயில்லை, பேசக் கற்றுக்கொண்டுவிட்டான்.

போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தீர்ப்பு அடுத்த மாதமாம்.

ஜூலை 16, ஞாயிறு

செட்டை மூடித் திருகு முடுக்கிவிட்டேன். தகரப் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. சம்பூரணம் சவுண்டை எட்டில் வைத்திருக்கிறாள். எட்டு! இருபது ஆம்ப் எதற்கு வாங்கினேன்?

காலைச் செய்திக்கு அவள் என் எதிரே பலகையைப் போட்டு உட்காருகிறாள். செய்தி வாசிக்கிறவன் சொல்லச் சொல்ல, அதை உதட்டால் எனக்குச் சொல்கிறாள். பாதியை விழுங்குகிறாள் என்று எனக்குச் சந்தேகம். திடீரென்று வாயை மூடிக்கொண்டு கீரை ஆய்கிறாள். என்ன என்று கேட்டால், "வெளம்பரமுங்க" என்கிறாள். பத்து நிமிடச் செய்தியில் ஏழு நிமிடம் விளம்பரமா? எவனிடம் கதை விடுகிறாள்?

முடிந்ததும் நான்தான் அணைக்கிறேன். அணைப்பதற்கு முன் ஒரு பட்டனைச் சும்மா அழுத்தி, அவள் முகத்தைப் பார்க்கிறேன். சுளிக்கிறாள்.

பஸ்ஸர் நன்றாக இருக்கிறது.